அவளுடைய குழாயில் முதல் பளிங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து அவள் எங்கள் கண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வரும்வரை, இரசாயனத்தில் நான்தான் முதலாவது. அன்று உப்பொன்றின் கரைதிறனை அளந்தோம். சுடுநீரில் கரைத்த உப்பு ஆறும்போது, முதல் பளிங்கு, அதாவது உப்புப் படிகம், தோன்றும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். நான் அவளுடைய சோதனைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், வந்திட்டுது," என்றாள் அவள்.

"எல்லாரும் வந்து பாருங்க, எவ்வளவு கவனமா செஞ்சிருக்கா," என்றார் ஆசிரியை.

குனிந்து பார்த்தால், என் குழாயில் பளிங்குகள் நிறைந்து கிடந்தன. வெப்பநிலையைத் தவறவிட்டிருந்தேன். அழுகை முட்டியது.

அவள் கவனித்துவிட்டாள். "திரும்பச் சூடாக்குவம். குழாயை நீர் பாரும், நான் வெப்பமானியைப் பாக்கிறன்," என்று பக்கத்தில் வந்து நின்றாள். இம்முறை அளவு சரியாக வந்தது. ஆசிரியை என்னையும் பாராட்டினார்.

எனக்கோ எரிச்சல் இன்னும் கூடியது. அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால், நிம்மதியாக வெறுத்திருப்பேன்.