லேபர் கேம்ப் பூங்காவுக்கு நான் போட்ட கேட்டு

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு நாதியும் இல்லாமல் பம்பாய் வந்து, தாராவியில் பத்தடிக்குப் பத்தடி தகரப் பட்டறை போட்டேன், பக்கத்தில் வீடு கட்டினேன், மூன்று தங்கைகளைக் கரையேற்றினேன். அத்தோடு மாட்டுங்கா லேபர் கேம்ப் பூங்காவின் இரும்புக் கேட்டையும் செய்தேன். அதைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அறுபதுகளில் அது பேருக்குத்தான் பூங்கா. சுவர் உண்டு, வாசலுக்குக் கதவு கிடையாது. ஊர்மக்கள் சேர்ந்து குப்பையை அள்ளிச் செம்பருத்தி வைத்தோம், இரண்டே நாளில் எருமைகள் மேய்ந்துவிட்டன. வார்டு ஆபீசர் வந்தார். சனிக்கிழமைக்குள் கேட்டுப் போடாவிட்டால் இடத்தை லாரி நிறுத்தக் கொடுத்துவிடுவேன் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்கிறேன் என்றேன். இரட்டைக் கதவென்றால் நடுவில் எருமை மூக்கை நுழைக்கும். அதனால் உடைத்த பழைய கப்பலின் இரும்புக் கம்பியில் ஒன்பதடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரே கதவாக வெல்டிங் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ கொண்டுவந்த என் மனைவி கேட்டைப் பார்த்தாள், பட்டறை வாசலைப் பார்த்தாள்.

"கேட்ட அளந்தியளே, வாசல அளந்தியளா?"

எதிர்க்கடைக் கடையநல்லூர் பாய் எட்டிப் பார்த்தார். "எரும உள்ள வராது, சரி. கேட்டு வெளிய போவணும்லா அண்ணாச்சி?"

பாதியாக வெட்டு என்றார்கள். என் வெல்டிங்கை நானே வெட்டுவதா? மறுநாள் காலையில் பட்டறையின் கூரைத் தகரத்தைப் பிரித்து, கேட்டை மேலே ஏற்றி, வீடுகளின் கூரை வழியாகவே கைமாற்றிக் கொண்டுபோக ஊர்மக்களிடம் சொன்னேன். யோசனை என்னுடையது. கீழே பெண்கள் உலக்கையும் கம்புமாகத் தகரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாவது கூரையில் என் கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. அந்த வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டைய அடச்சுத் தாரேன்னு சொல்லும், விடுதேன்."

அங்கிருந்தபடியே மேற்பார்வை பார்த்தேன். அடைத்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்து, காலை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கேட்டு மாட்டியாகிவிட்டது. ஆபீசர் அதை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். லாரி வரவில்லை.

இப்போது பூங்காவில் பலகை வைத்திருக்கிறார்கள். செடி தந்தவர் பேர், பெஞ்சு தந்தவர் பேர் எல்லாம் இருக்கிறது. கேட்டுக்கு நேரே மட்டும் 'ஊர்மக்கள்' என்று போட்டிருக்கிறது. தூக்கியது ஊர்மக்கள்தான், இல்லை என்று யார் சொன்னது? நான் செய்யாவிட்டால் எதைத் தூக்கியிருப்பார்கள்? அந்த வரிக்கு மேலே ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது, நானே அளந்து பார்த்தேன். அதில் என் பேரை எழுதுங்கள்.