உமைமா நாலாவது முறை போன வீடு

வண்ணாரப்பேட்டை உமைமா பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அது அலுத்துப்போய், தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒப்பந்தக் களப்பணியாளராகச் சேர்ந்தாள். மாநிலத்தில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், வேலை தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அரசு எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்புவதில்லை. சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து, அதே வீடுகளுக்கு மாதம் ஒரு முறையாக நாலு மாதம் அனுப்புகிறது. ராயபுரத்தில் உமைமாவுக்கு வந்த வீடுகளில் ஒன்று ஜேக்கப்புடையது.

முதல் முறை போனபோது ஜேக்கப் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே பதில் சொன்னார். அவர் மனைவி சிலுவையம்மாளிடம் என்ன வேலை என்று கேட்டதும் அவள் சிரித்தாள்.

"நான் இன்னா வேலை செய்றேன்? வூட்லதான் கீறேன்."

அடுத்த மாதத்துக்குள் யார்டை மூடிவிட்டார்கள். ஜேக்கப் எண்ணூர் வரைக்கும் போய் ஒவ்வொரு கேட்டிலும் கேட்டுப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர் வேண்டாம் என்றார்கள். சிலுவையம்மாள் காசிமேட்டில் இறால் உரிக்கப் போக ஆரம்பித்தாள். உமைமா டேப்லெட்டில் கணவனை வேலை தேடுபவர் என்றும், மனைவியை வேலை செய்பவர் என்றும் பதிந்தாள்.

மூன்றாவது முறை போவதற்குக் கொஞ்சம் முன்னால், அவளுடைய தாய்மாமன் ரஹீம் வீட்டுக்கு வந்திருந்தார். டோல்கேட் பக்கம் கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கிறவர்.

"குடோன்ல சரக்கு எறக்குறத பாத்துக்க ஒரு பெரிய மனுசன் வோணும்மா. சின்னப் பசங்க யாரும் நிக்க மாட்றானுங்க."

உமைமாவுக்கு உடனே ஜேக்கப் ஞாபகம்தான் வந்தது. ஆனால் பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: கேட்கிற வீட்டில் எந்த உதவிக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்த முறை சரியான பதில் வராது. அது நியாயமென்றே அவளும் நினைத்தாள். அந்த மாதம் ஜேக்கப் எதிரில் உட்கார்ந்து, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

நாலாவது முறை ஜேக்கப் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"போன வாரம் வேலை தேடினீங்களாண்ணே?"

"இல்ல."

"யாராச்சும் கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

"மாட்டேன். கேட்டுக் கேட்டு அசிங்கப்பட்டது போதும்."

அடுப்படியிலிருந்து சிலுவையம்மாள் குரல் கொடுத்தாள். "பொய்மா அது. கூப்ட்டா ஓடுவாரு. அப்டியே எழுதிக்கோ."

"அண்ணன் சொல்றதத்தான்க்கா நான் எழுத முடியும்."

ஜேக்கப் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் எந்தக் கணக்குல வர்றேன்?"

வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் ஒரு பக்கம், கிடைத்தாலும் வேண்டாம் என்கிறவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே என்றாள் உமைமா.

"வெளியவா? செர்தான்."

அவள் பதில்களை அனுப்பிவிட்டு டேப்லெட்டைப் பையில் வைத்தாள். இனி அந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. எழுந்து போக மனம் வரவில்லை. மாமாவின் குடோனைப் பற்றிச் சொன்னாள். ஜேக்கப் எழுந்து உட்கார்ந்தார். சிலுவையம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"இது எப்போலர்ந்து உனுக்குத் தெரியும்?"

"போன மாசமே தெரியும்க்கா."

"ஒரு மாசமா! இந்த மனுசன் சோறு துன்னாம கெடந்தாரு. நீ எதிர்ல குந்திகினு கேள்வி கேட்டுகினு போனியே!"

பயிற்சியில் சொன்ன விதியை உமைமா எடுத்துப் பேசவில்லை. பேசினால் எடுபடாது என்று தெரிந்தது.

"வுடு சிலுவ. அது டூட்டி அது" என்றார் ஜேக்கப். பிறகு உமைமாவிடம் கேட்டார். "உங்க மாமு எத்தினி மணிக்குக் கடை தொறப்பாரு?"

மறுநாள் அவர் போனபோது அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். லோடு வரும் நாட்களில் மட்டும் வரச் சொன்னார் ரஹீம். ரம்ஜான் முடிந்ததும் அந்த ஆள் நின்றுவிட, ஜேக்கப்பே குடோனுக்கு முழுநேர ஆளானார். அதை யாரும் எங்கேயும் பதியவில்லை. அந்த வீட்டுக்கான நாலு முறையும் முடிந்திருந்தது. சிலுவையம்மாள் இறால் உரிக்கும் வேலையை விடவில்லை.

உமைமா இப்போது திருவொற்றியூரில் வேறு வீடுகளுக்குப் போகிறாள். காசிமேட்டுப் பக்கம் சிலுவையம்மாளைப் பார்த்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் ஒருநாள் எதிரே வந்தவள் நின்று, "துன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.