உம்மாவின் தனிப் பீங்கான்

உம்மா சவூதியிலிருந்து லீவில் வந்த அன்று வீட்டில் வாப்பா, மாமா, அக்காவான ராத்தா, நான், தங்கச்சி ஆகிய ஐந்து பேரும் இருந்தோம். அண்ணனான காக்கா மட்டும் இல்லை. எங்கள் இஞ்சின் போட்டில் உச்சமுனையில் மீன்பிடித் தொழிலில் நின்றார்.

இரண்டு மாத லீவு. திரும்பிப் போகும் டிக்கட்டை வாப்பா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் உம்மா இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை, சிரிக்கவுமில்லை. இந்த உடம்போடு எப்படித் திரும்பிப் போய் வேலை செய்வார் என்று எல்லோருக்கும் கவலை.

உம்மாவின் தம்பியான மாமா மதுரங்குளிச் சந்தியில் சீடி கடை வைத்திருந்தார். வருகிறவரின் முகத்தைப் பார்த்தே படம் எடுத்துக் கொடுப்பார். அவர் சொன்ன படம் தவறியதே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அதை அதிகம் பேசியவர் அவர்தான்.

"இதப் பாத்தும் சிரிக்காட்டி, கடைய மூடிட்டு றால் பண்ணைக்கிப் போறன்" என்று ஒரு சிரிப்புப் படத்தோடு வந்தார்.

"அங்க றாலுக்கா மாமா படம் சொல்லப் போறீங்க?" என்றார் ராத்தா.

படம் முடியும்வரை சிரித்தது மாமா மட்டும். மறுநாள் பழைய பாட்டுகள் வந்தன. உம்மா கேட்டபடியே உடுப்பு மடித்தார். ராத்தா நண்டுக் கறி வைத்தார், வட்டிலப்பம் அவித்தார். விருந்தாளிக்கென்று வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் தட்டில் போட்டு, கதிரையில் உம்மாவைத் தனியே இருத்திக் கொடுத்தோம். உழைத்துக் களைத்து வந்தவர். அவர் எழும்பிய பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவன் நான். என் பங்குக்குப் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு கப்பல் கதையை எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன்.

"இந்தக் கதையில ஆரும் சேந்திருந்து சாப்புட்றாங்களா மகன்?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல உம்மா" என்றேன்.

லீவின் மூன்றாம் வாரத்தில் ஒரு பகல், பசி தாங்காமல் உம்மாவின் பீங்கானிலிருந்த மீன் பொரியலில் கைவைத்துவிட்டேன்.

"டேய், உம்மாட பீங்கான்ல கை வெக்காத!" என்று வாப்பா அதட்டினார்.

உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடுங்க. எத்துன நாளைக்கித்தான் நான் தனியத் திங்கிற? மகள், சஹன எடுங்க."

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. கலியாணத்துக்கும் பெருநாளுக்கும்தான் இறங்கும். அன்று வெறும் பருப்புக்கும் பொரித்த மீனுக்கும் இறங்கியது. உம்மா தன் பக்கத்தை முடித்து, மாமாவின் பக்கத்திலும் கைவைத்தார்.

"பாத்தீங்களா, நான் குடுத்த படம் இப்பதான் வேல செய்யுது!" என்றார் மாமா. உம்மா சிரித்தார்.

கைகழுவி வந்ததும் வாப்பாவிடம், "நான் இனிப் போகல்ல" என்றார். வாப்பா அலுமாரியைத் திறந்து டிக்கட்டை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார், உம்மாவை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிடம் திருப்பிக் கொடுத்துவிடும்படி.

இரண்டு வருடம் யாரோ வீட்டுக் குசினியில் வேலைக்காரியாக நின்றபடி தனியாகச் சாப்பிட்டவரை, மரியாதை என்று நாங்களும் தனியாகவே இருத்தியிருந்தோம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. காக்கா இஞ்சின் இல்லாத போட்டோடு நின்றது மட்டும் விளங்கியது, உம்மாவோடு கோபித்துக்கொண்டேன். ஒப்பந்தத்தின் இடையில் நின்றதற்காக, அந்த இஞ்சினை விற்று ஏஜென்சிக்குக் கட்டியது ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் ரூபாய்.