ஒன்றுமில்லாத படபடப்பு

முதல் தடவை அது வந்தது விஞ்ஞானப் பாடத்தில். பதினோராம் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஆசிரியை பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தார். என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை, திட்டவுமில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்திலும் பேனையை மூடி பெட்டிக்குள் வைத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

"மிஸ், இவளுக்கு என்னமோ செய்யுது!" என்று பக்கத்திலிருந்த தோழி கத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அப்படியே இறங்கி, இரத்தோட்டையில் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்திருந்தார். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். "ஹார்ட் நல்லா இருக்காம். ஒண்ணுமில்லயாம்."

அம்மா கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லையென்றால் எனக்கு வந்தது என்ன? அந்த ஈ.சி.ஜி. தாளில் சின்னதாக ஏதாவது கோளாறு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

அதன் பிறகு அது நினைத்தபோதெல்லாம் வந்தது. கணிதப் பரீட்சையன்று பயந்து போனால் வராது. சிரித்துப் பேசிக்கொண்டு பஸ்ஸில் நின்றால் வரும். தேநீரால்தான் என்று தேநீரை நிறுத்தினேன். வந்தது. அம்மா முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தார். இரண்டு வாரம் வரவில்லை. நம்பிக்கையோடு நன்றி சொல்லப் போனபோது, வரிசையிலேயே வந்தது.

பிறகு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருக்கத் தொடங்கினேன். நான்காம் நாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பாமல் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"வயித்துவலி இல்லதானே?"

"இல்லம்மா. அது வந்துருமோன்னு பயமா இருக்கு."

அம்மா என் போர்வையை மடித்து வைத்தார். "எனக்கும் வரும். மலையில நிக்கிறப்ப. கை காலெல்லாம் ஓஞ்சு போயிரும். கூடைய இறக்கி வச்சிட்டு உக்காந்துக்குவேன்."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"என்னன்னு சொல்றது?"

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தெரிந்திருந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? ஒருவேளை அவருக்கும் தெரியாதோ, என்னைப் பார்த்த பிறகுதான் புரிந்ததோ? கேட்கவில்லை.

நடந்ததைச் சொன்னபோது வகுப்பாசிரியை என்னை மனநல கிளினிக் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் அதற்குப் பதற்றம் என்று பேர் சொன்னார். "அது உச்சிக்குப் போயிட்டுத் தானா இறங்கும். அடக்கப் பாக்காதீங்க. மூச்ச மெதுவா வெளியில விடுங்க," என்றார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்து பார்த்தார். அவருக்கு வருவதைப் பற்றி டாக்டரிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

சில நாள் அந்த மூச்சுப் பயிற்சி உதவியது. சில நாள் உதவவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டாம் பகுதி எழுதும்போது வந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பி வந்தபோது என் எழுத்தே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. எழுதினேன். கணிதத்தில் கிடைத்தது சாதாரண சித்திதான், ஆனாலும் தேறிவிட்டேன்.

இப்போது உயர்தரம் படிக்கிறேன். வருகிறது, குறைவாக. போன கிழமை அம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு இப்பவும் வருதா?"

"வந்தா வருது," என்றார், அரிசி களைந்துகொண்டே. "நீ கிளினிக்குக்குப் போறதானே, அது போதும்."

அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வருவாரா என்று தெரியவில்லை. எப்படிச் சொல்லி அழைப்பது என்றும் தெரியவில்லை.