இரட்டை விசில்

டெய்சிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். எங்கள் டிப்போவில் நான் எழுத்தர். காது சிவந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன். அவருக்கு ஊர் பஞ்சம்பட்டி. கணவர் எங்களிடம் டிரைவராக இருந்து மாரடைப்பில் போனார். வாரிசு வேலையில் டெய்சி கண்டக்டராக வந்தார். வந்த புதிதில் ஆண் கண்டக்டர்கள் ஒரு மாதிரி சிரித்தார்கள். குடித்துவிட்டு ஏறிய ஒருவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் உறுதியானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

அவருடைய சின்னாளப்பட்டி டவுன் பஸ்ஸில்தான் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஏறுவார்கள். ராணுவ அதிகாரி ஆவதற்குப் பயிற்சி எடுக்கிறவர்கள். பரேட் முடிந்து பூட்ஸ் பளபளக்க வரும்போது பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்குள் வந்துவிட்டால் தகரத்தைத் தட்டுவதும் கத்திப் பாடுவதும் படிக்கட்டில் தொங்குவதுமாக ஒரே ரகளை. நாட்டைக் காக்கப் போகிற பிள்ளைகள் என்று பயணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. உடுப்புக்குக் கொடுக்கிற மரியாதையை ரகளைக்கும் சேர்த்தா கொடுப்பது?

போன மாசியில் ஒரு சாயங்காலம், சின்னாளப்பட்டி பிரிவில் பஸ் நின்றது. முத்துப்பேச்சி என்ற சுங்குடிக்கார அம்மா சேலை மூட்டையோடு முன்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். சேலையில் முடிச்சுப் போடுவதுதான் அவருக்குத் தொழில். ஒரு கால்தான் தரையில் இருந்தது. அதற்குள் இரண்டு விசில் கேட்டது. இரண்டு விசில் என்றால் எந்த டிரைவரும் எடுத்துவிடுவார். டிரைவர் தங்கமுத்துவும் எடுத்தார். அந்த அம்மா ரோட்டில் விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார்.

விசாரணை எங்கள் மேலாளர் அறையில் நடந்தது. குறிப்பெடுக்க நானும் இருந்தேன். சாட்சி சொல்ல மாணவர்கள் வந்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு முத்துப்பேச்சி சுவரோரம் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"விசில் கேட்டுச்சு, எடுத்தேன்" என்றார் தங்கமுத்து.

"நான் அடிக்கல சார்" என்றார் டெய்சி. அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவர் எதை விழுங்குகிறார் என்று எனக்குத் தெரியும். பயணிகளைத் திட்டுவது எங்கள் இலாகாவில் தனிக் குற்றம்.

மாணவர்களில் பரணி என்பவன் தலைவன் மாதிரி. ராணுவ அதிகாரித் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தவன். அவன் எழுந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"விசில் அடிச்சது கண்டக்டர்தான் சார். அதோட எங்கள ரொம்பக் கேவலமாப் பேசுனாங்க. எருமைன்னாங்க. பஸ் கெளம்புற வரைக்கும் வாய் ஓயல. விடாம வஞ்சுக்கிட்டே இருந்தாங்க."

டெய்சி தலை குனிந்தார். போச்சு என்றே நானும் நினைத்தேன்.

சுவரோரத்திலிருந்து முத்துப்பேச்சி கேட்டார்: "வாய் ஓயாம வஞ்சுச்சாக்கும். அப்பு, அப்ப விசில எந்த வாயில அடிச்சுச்சு?"

பரணியின் பக்கத்தில் இருந்தவன் அவனை ஓரக்கண்ணால் பார்த்தான். மேலாளர் அதைக் கவனித்துவிட்டார். "நீயா?" என்று பரணியைக் கேட்டார்.

"விளையாட்டுக்குத்தான் சார். பரேட் விசில். பஸ் எடுப்பாங்கன்னு நெனைக்கல."

டெய்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள தொல்லையும். "போலீசு கேசுன்னு போனா இந்தத் தம்பி ஆபீசராகவே முடியாது. பேசி முடிச்சுக்கலாமேம்மா" என்றார்.

முத்துப்பேச்சி குழம்பிப்போய் டெய்சியைப் பார்த்தார். "ஆளாகப் போற புள்ளயாம்ல. நீ என்னத்தா சொல்ற?"

டெய்சி குரலை உயர்த்தவில்லை. "ஒங்க கை, ஒங்க இஷ்டந்தேன்க்கா. இவன் வேலை போயிருமேன்னு எல்லாரும் பாக்குறீங்க. செத்த நேரம் முன்னாடி எம் வேலை போகட்டும்னு கூசாமப் பொய் சொன்னானே, அப்ப அவனுக்கு அப்படித் தோணுச்சா?"

பரணி அழுதான். எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"புகார எழுதுங்கய்யா" என்றார் முத்துப்பேச்சி.

எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். வலது கை கட்டுக்குள் இருந்ததால், இடது பெருவிரலை மையில் வைத்தார்.