தெருமுனையில் நின்ற தாசில்தார்

மலர்க்கொடியும் அவள் அண்ணன் தில்லைநாதனும் நாலரை வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அவன் சிதம்பரத்தில் வண்டி சீட்டு தைக்கிற கடை வைத்திருக்கிறான். இவள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். நடுவில் ஒரு மணி நேர பஸ்தான். மலர்க்கொடியின் அம்மாவும் நானும் அக்காள் தங்கை பிள்ளைகள். அந்த வழியில் இரண்டு பேருக்கும் நான் பெரியம்மா. இரண்டு வீட்டுக்கும் போகிறேன், வருகிறேன். அங்கே போய் இவள் பேச்சை எடுத்தால் அவன் எழுந்து மெஷினில் உட்கார்ந்துகொள்வான். இங்கே வந்து அவன் பேச்சை எடுத்தால் இவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சண்டை சொத்துக்காக இல்லை. கொரோனா ஊரடங்கில், வைகாசி மாதம், அவர்கள் அப்பா இறந்தார். ஊர் புவனகிரிக்கு மேற்கே. மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மலர்க்கொடி புருஷன் ஜெயப்பிரகாஷோடு டூவீலரில் புறப்பட்டு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பேப்பரைக் காட்டிவிட்டு, போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பெற்ற மகள் வாய்க்கரிசி போடவில்லை. வாசலில் நின்று, இருந்த பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள்:

"ஒரு புடி அரிசி போட வுடாம எடுத்துட்ட இல்ல? இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

அவன் தலை முழுகின ஈரத்தோடு நின்றிருந்தான். "மிதிக்காத, போ. நானும் உன் படிய மிதிக்கப் போறதில்ல" என்றான்.

ஆத்திரத்தில் சொன்ன சொல்தான். ஆனால் செத்த அப்பனை வைத்துச் சொன்ன சொல்லை யார் எடுத்து அப்புறம் வைப்பது? கருமாதிக்கு அவள் போகவில்லை. அவன் மகன் கதிரவன் சென்னைக்குப் படிக்கப் போனபோதும் போகவில்லை. போன வருஷம் மலர்க்கொடி மகள் இளமதிக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் வரவில்லை. என் மகன்தான் மாமன் முறைக்கு நின்று மாலை போட்டான். போட்டோ ஆல்பத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மலர்க்கொடி சேர்த்துப் புரட்டிவிடுவாள். அண்ணன் ஒரு தடவை தன் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதற்கிடையில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். மகள் இளமதி அப்போதுதான் போனில் ஒரு விளையாட்டை ஏற்றியிருந்தாள். தெருத்தெருவாக நடந்தால்தான் ஆட முடியும். பெண்பிள்ளை சாயங்காலம் போனைப் பிடித்துக்கொண்டு தனியாக ரோட்டில் சுற்றக்கூடாது என்றான் ஜெயப்பிரகாஷ். சரி என்று அம்மாக்காரி கூடப் போனாள். பத்து நாளில் மகளை விட அவளுக்கு ஜாஸ்தி பிடித்துவிட்டது.

ஜெயப்பிரகாஷ் மினிபஸ் ஓட்டுகிறவன். நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. "ஆயியும் மவளும் போன நீட்டிக்கிட்டு நடக்கறதப் பாத்து, ரேஷன் கடக்காரரு என்னைக் கேக்கறாரு, உங்க வூட்டம்மா சர்வே எடுக்கறாங்களான்னு."

"ஆமாம், சர்வேதான்" என்றாள் இவள். "உங்க பஸ்சு தெனம் எத்தினி நிமிஷம் லேட்டுன்னு எடுக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேருமாக சில்வர் பீச் போய்விடுவார்கள். சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே மணலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார்கள். கடைசியில் ஜெயப்பிரகாஷும் போனை நீட்டினான்.

அந்த விளையாட்டை இளமதி எனக்குச் சொல்லித்தான் தெரியும். போனில் நம் தெருவே படமாகத் தெரிகிறது. நடக்க நடக்க விதவிதமான பிராணிகள் வருகின்றன. பிடித்து நம் இஷ்டத்துக்குப் பேர் வைத்துக்கொள்ளலாம். கோயில், தேரடி, பார்க் மாதிரி இடங்களைக் கோட்டை என்கிறார்கள். நம் பிராணியைக் கோட்டையில் காவலுக்கு நிறுத்தலாம். அங்கே போகிறவர்கள் அதற்குப் பழம் போடலாம். யார் போட்டது என்று உடையவனுக்குச் செய்தி போய்விடும். வேண்டாதவர்கள் மோதி அதை இறக்கலாம். தோற்றால் அது உடையவன் போனுக்கே திரும்பிவிடும். ஆனால் எதைச் செய்தாலும் அந்த இடத்துக்கு நாற்பது அடிக்குள் ஆள் போய் நிற்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு நடக்காது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போன மார்கழியில் தேர் பார்க்கச் சிதம்பரம் போனார்கள். கீழவீதியில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம். தேர் மேலவீதிப் பக்கம் போயிருந்தது. நிற்கிற நேரத்தில் இளமதி போனைத் திறந்து தேரடிக் கோட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எம்மா, இங்க ஒருத்தரு தன்னோடதுக்குப் பேரு வச்சிருக்காரு பாரேன். தாசில்தாராம்!"

மலர்க்கொடி தேங்காய்ப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். கறுப்பாக, கொம்பு வளைந்து, எருமைக்கன்று மாதிரி ஒன்று நின்றது.

அவளுக்கு ஏழு வயசு, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அந்த வருஷ வெள்ளத்தில் ஊரே பள்ளிக்கூட மாடியில் ஏறிக் கிடந்தது. தாசில்தார் படகில் வந்து பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு இவர்கள் எருமை கன்று போட்டது. இடுப்பளவு தண்ணீரில் தில்லைநாதன் அதைத் தோளில் தூக்கிவந்தான். மூன்று நாள் குளிருக்கு அண்ணனும் தங்கையும் அதை நடுவில் போட்டுப் படுத்தார்கள். அப்பாதான் அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்தார். "தாசில்தார் பாயில மூத்திரம் பேஞ்சிட்டாருப்பா" என்று இவள் கத்தினால் மாடியே சிரிக்கும். இந்த உலகத்தில் வேறு எவன் ஒரு பிராணிக்கு அப்படிப் பேர் வைப்பான்?

கதிரவன் சென்னைக்குப் போகும்போது அப்பன் போனில் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும். தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஒரு சாக்கு. அதை நான் இவளிடம் சொல்லவில்லை. அவன் பேச்சைத்தான் எடுக்கக் கூடாதே.

அங்கிருந்து அண்ணன் கடை இரண்டு தெரு. நடந்தால் ஐந்து நிமிஷம். மலர்க்கொடி போகவில்லை. போனில் சேர்ந்திருந்த பழம் பதினொன்றையும் தாசில்தாருக்குப் போட்டாள்.

"எம்மா, எல்லாத்தையுமா போடற? நமக்கு வேணாமா?"

"சாப்புடட்டும்" என்றாள்.

கடலூரிலிருந்து இளமதி என்கிற பேரோடு பதினொரு செய்தி அண்ணனுக்குப் போயிருக்கும். பதில் எழுத அதில் இடம் கிடையாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

பொங்கல் போயிற்று. தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முன் அறையிலிருந்து இளமதி கத்தினாள்.

"எம்மா! தாசில்தாரு நம்ம தெருமுனைக்கு வந்துருக்கு! பிள்ளையார் கோயில்ல நிக்குது!"

செதிள் ஒட்டிய கையோடு ஓடினாள். செருப்புப் போடவில்லை. தெருமுனையில் பிள்ளையார் கோயில், எதிரே செல்லாயியின் டீக்கடை, அவ்வளவுதான். ஆள் யாரும் இல்லை.

"செல்லாயி, இங்க யாராச்சும் நின்னாங்களா?"

"கண்ணாடி போட்ட ஒருத்தரு நின்னாரு. டீ ஒண்ணு சொன்னாரு. போனயே நோண்டிக்கிட்டு இருந்தாரு."

"எங்க வூட்ட விசாரிச்சாரா?"

"விசாரிக்கலம்மா. உன் பச்சை கேட்டப் பாத்துக்கிட்டே இருந்தாரு. டீயும் குடிக்கல, ஆறிப்போச்சு. சிதம்பரம் பஸ்சுக்குப் போயிட்டாரு. ஏன், தெரிஞ்சவரா?"

"எங்கண்ணன்" என்றாள் மலர்க்கொடி. நாலரை வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அப்புறம் மீன் கையோடு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரி ஜெயப்பிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மச்சான் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருப்பா. படிய மிதிக்கல. அம்பது அடி தள்ளி நின்னுட்டுப் போயிட்டாரு."

"வந்தாரு இல்ல?" என்றாள் இவள்.

"வந்தாரு. யாரு இல்லன்னா?"

அப்புறம் தினம் மூன்று வேளை தெருமுனைக்குப் போய்ப் பழம் போட்டாள். பால் வாங்கப் போகும்போது ஒரு தடவை, இளமதியை ஸ்கூல் வேனில் ஏற்றும்போது ஒரு தடவை, சாயங்காலம் நடக்கும்போது ஒரு தடவை. வேறு யாராவது மோத வந்தால் என்ன செய்வது என்று பயம். "அண்ணனே அங்க நிக்கற மாதிரி இருக்கு பெரியம்மா" என்று என்னிடம் போனில் சொன்னாள்.

நாலாம் நாள் இளமதிதான் கேட்டாள். "அது இங்க நிக்கற வரைக்கும் மாமாவுக்கு இங்க என்னாம்மா வேல? திரும்ப ஏன் வரப் போறாரு?"

மலர்க்கொடி போனைக் கீழே வைத்தாள்.

"இறக்கிட்டா அது மாமா போனுக்குப் போயிடும். மறுபடி வைக்கணும்னா மாமா வந்துதானே ஆவணும்?"

"வரலன்னா? இதுவும் போயிடும் இல்ல?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. இருக்கிற அடையாளத்தை வைத்துக்கொள்வதா, அதை விட்டுவிட்டு ஆளுக்குக் காத்திருப்பதா? வியாழக்கிழமை சாயங்காலம் போய் நின்று மோதினாள். அவளே ஊட்டி வளர்த்த தாசில்தார் லேசில் சாயவில்லை. மூன்றாவது தடவைதான் விழுந்தது. படத்தில் கோட்டை காலியாக நின்றதைப் பார்த்ததும் ஏன் செய்தோம் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. மலர்க்கொடி இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் செல்லாயி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. "கோச்சிக்கிட்டிருப்பாரு, அடிச்சிட்டமேன்னு" என்றாள் இளமதி. மலர்க்கொடிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து, கையில் போனோடு, தலை குனிந்து நடந்து வந்தான். முடி பாதி நரைத்திருந்தது. கோயில் பக்கம் வந்து நிமிர்ந்தான். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் தங்கச்சி, பக்கத்தில் இளமதி. நடுவில் தெரு. அவளும் எழுந்திருக்கவில்லை, அவனும் நகரவில்லை. செல்லாயி பாலைப் பொங்கவிட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதன் போனைப் பார்த்துத்தான் பேசினான். "யாரு என் தாசில்தார இறக்குனது?"

"நான் இல்ல மாமா" என்றாள் இளமதி. "எங்கம்மா."

"மூணு தடவ மோதியிருக்கு."

"நல்லாத் தின்னுப்புட்டு கெனமா நின்னுச்சு. அதான் மூணு தடவ" என்றாள் மலர்க்கொடி. அவளும் தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தாசில்தாரை மறுபடி கோட்டையில் வைத்தான். இவள் பழம் போட்டாள். தெருவைத் தாண்டி வந்து பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். எந்தப் பிராணி எதற்கு அடங்கும், எந்தக் கோட்டையில் கூட்டம் ஜாஸ்தி என்று இரண்டு பேரும் பேசினார்கள். கதிரவன் எப்படி இருக்கிறான் என்று இவள் கேட்டாள். சாப்பாடு சரியில்லையாம் என்றான். நடுவில் ஒரு தடவை, போனைத் தடவிக்கொண்டே, அவன் சொன்னான்:

"அன்னிக்கு நான் ஒரு மணி நேரம் கேட்டேன் மலரு. கால்ல வுழுந்து கேட்டேன். பத்து நிமிஷந்தான் குடுத்தாங்க."

அவளுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஊரடங்கில் என்னை ஊரை விட்டு வர விடவில்லை. மலர்க்கொடி போனை மடியில் வைத்தாள்.

"வூட்டுக்கு வாண்ணே. மீன் கொழம்பு வச்சிருக்கறேன்."

அவன் பச்சை கேட்டைப் பார்த்தான். ஐம்பது அடிதான். கை பெஞ்சைப் பிடித்தது; எழுந்திருப்பான் போல இருந்தது. அப்புறம், "சொல்லிப்புட்டமே ரெண்டு பேரும்" என்றான். "அப்பாவ வச்சிச் சொன்னது."

அவள் கட்டாயப்படுத்தவில்லை. அவன் இளமதியைப் பார்த்து, "நல்லாப் படிக்கறியா?" என்று கேட்டு, தலையில் கை வைத்துவிட்டு, ஐந்து நாற்பது பஸ்ஸுக்குக் கிளம்பினான். செல்லாயி கொடுத்த டீயை இந்தத் தடவை குடித்திருந்தான்.

அவன் திரும்பிப் பார்ப்பான் என்று மலர்க்கொடி நின்றாள். பார்க்கவில்லை. தெரு விளக்கு எரிகிற வரைக்கும் நின்றுவிட்டு, போனை எடுத்தாள். கோட்டை மேல் விரலை வைத்தாள்.

"எம்மா, இன்னா பண்ற? மாமா இப்பத்தான் வச்சிட்டுப் போறாரு. பாவம்மா!"

"பஸ்சு ஆலப்பாக்கம் தாண்டியிருக்குமாடி? அங்க எறங்குனா திரும்பி வர பஸ்சு இருக்கு."

"இன்னும் தாண்டியிருக்காது."

"செரி" என்று சொல்லிவிட்டு மோத ஆரம்பித்தாள்.