கிழியாத புத்தகங்கள்

செஞ்சிக் கடைத்தெருவில் சிராஜுதீனை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துப் பேசிவிட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய்க்காது. மனிதருக்குக் காலில் சக்கரம் கட்டியிருந்தது. கிளை நூலகத்தில் நூலகரான அவருக்கென்று போட்ட பிரம்பு நாற்காலி ஏழு வருஷமாகியும் புதுசாகவே இருந்தது. உட்கார்ந்தால்தானே தேயும்! பத்திரிகை படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டினால் பின்னாலேயே போய் நிற்பார். எச்சில் தொட்டுப் புரட்டினால் தொலைந்தார்.

இந்தப் பதற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அத்தா பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அத்தர் விற்றவர். வீட்டில் புத்தகம் கிடையாது. வேர்க்கடலை மடித்த காகிதத்தைப் பிரித்துப் படித்து வளர்ந்த பிள்ளை சிராஜுதீன். கதை எப்போதும் கிழிசலில் போய் நின்றுவிடும். திருடன் சுவர் ஏறுவான், அதோடு சரி. குதித்தானா மாட்டினானா என்று கடலைக்காரனுக்கும் தெரியாது. பத்தாவது தேறி, நூலகப் பயிற்சி முடித்து, சொந்த ஊரிலேயே வேலை கிடைத்த அன்று அவர் முடிவு செய்தார்: என் கையில் ஒரு தாள் கிழியக் கூடாது.

கிழியவும் இல்லை. பிள்ளைகளுக்கான இருநூற்றுச் சொச்சம் புத்தகங்களுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் ஒருமுறை ஜன்னல் வழியாக வந்து நாட்காட்டியைக் கிழித்ததிலிருந்து பீரோவுக்கு இரண்டு பூட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பார்கள். உள்ளே எல்லாம் ஒரே பழுப்பு. எது யானைக் கதை, எது கணக்குப் புதிர் என்று யார் கண்டது?

"சார், ஒரு புக்கு குடுங்க சார்."

"கைய காட்டு. அழுக்கு! நாளைக்கு வா."

நாளைக்கும் இதே பதில்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் பொங்கல் கழிந்து மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்ற ஆண்டு முழுவதும் செஞ்சிக் கிளையில் பிள்ளைகள் எடுத்துப் படித்த புத்தகங்கள் பதினொன்று. மாசி முடிவதற்குள் அதிகாரி நேரில் வருவார். நிலைமை இப்படியே இருந்தால் அந்தப் பீரோவும் புத்தகங்களும் வேறு ஊருக்கு மாற்றப்படும். சிராஜுதீன் கடிதத்தை நின்றுகொண்டு ஒருமுறை, நடந்துகொண்டு இருமுறை படித்தார். கண்ணாக வளர்த்த பெண்ணைத் தெரியாத ஊரில் கட்டிக்கொடுக்கச் சொன்னது போல் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ராஜமதி டீச்சர் வந்தாள். தெற்குத் தெருப் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவள். சிராஜுதீனின் மகள் ஜாஹிதாவும் அவள் வகுப்புதான். டீச்சருக்கு ஊர் மேல்சித்தாமூர், ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீர்தான். நாலு மணிக்குத் திறக்கிற நூலகத்துக்கும் ஐந்து மணி பஸ்ஸுக்கும் நடுவில் அவள் எப்போதும் வெயிலைப் பார்த்தபடியே பேசுவாள். நிற்காத மனிதரும் நிற்க நேரமில்லாத மனுஷியும்.

"சார், பிள்ளைங்க இங்க வர்றது நடக்காது. பாதிப் பேரு ஸ்கூல் விட்டா மாடு ஓட்டப் போவுது, மீதிப் பேரு தம்பி தங்கச்சியத் தூக்கி வெச்சிக்கணும். நாப்பது புக்கு ஸ்கூல் பேருல குடுங்க. நான் கிளாஸ்ல குடுக்கறேன்."

"நாப்பதா? கிழிஞ்சா இன்னா பண்றது டீச்சர்?"

"பீரோவே ஊரை விட்டுப் போனா இன்னா பண்ணுவீங்க?"

சிராஜுதீன் பீரோச் சாவிகளை எடுத்தார். நாற்பது புத்தகங்களை மூன்று நாள் தேர்ந்தெடுத்து, தகரப் பெட்டியில் அடுக்கி அனுப்பினார். கூடவே தலைமையாசிரியர் ரங்கநாதனுக்கு ஒரு கடிதம்: ஒரு தாள் கிழிந்தாலும், ஒரு கறை பட்டாலும் தாங்களே முழுப் பொறுப்பு. முழு என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் மத்தியானம் சைக்கிளில் போய்ப் பள்ளி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தகரப் பெட்டி தலைமையாசிரியர் மேஜைக்குப் பின்னால் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பிள்ளை கையிலும் புத்தகம் இல்லை. அப்பாடா என்று திரும்பி வருவார். பாவி மனிதர், சந்தோஷப்பட்டார்!

மூன்று வாரம் கழித்து ராஜமதி மூச்சிரைக்க வந்தாள்.

"சார், வியாழக்கிழமை ஆபீசர் வர்றாராம். பொட்டி வந்த அன்னைக்குக் காலைல ஒரு மணி நேரம் தொறந்து வெச்சாரு ஹெட்மாஸ்டர். மத்தியானம் உங்க கடுதாசியப் படிச்சாரு. பூட்டிட்டாரு. சாவி அவுரு அரைஞாண் கயித்துல இருக்குது. அவுருக்குப் பொறுப்பு இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதறேன்" என்றார். எழுத உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நாலு தாள் வீணாயிற்று. கிழிந்தால் பரவாயில்லை என்று எழுத அவர் கைக்கு வரவில்லை. ஒருதரம் புத்தகங்களை எண்ணிப் பார்த்துவிட்டால் மனசு நிலைக்கும் என்று தோன்றியது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

முப்பத்தொன்பது இருந்தது. இருநூற்றுப் பதினேழாம் எண்ணைக் காணவில்லை.

ஏழு வருஷத்துப் பெயர் போயிற்று! ரங்கநாதன் அரைஞாணைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிராஜுதீன் நேராக ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து கத்தினார்.

"யாரு எடுத்தது? திருட்டுக் கழுதைங்களா, யாரு எடுத்தது?"

ராஜமதி தலை குனிந்து நின்றாள், அவளுக்குத் தெரிந்திருந்தது. நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தது. ஜாஹிதா.

"நான்தான் அத்தா. தொறந்து வெச்சாங்கல்ல, அன்னைக்கே எடுத்துட்டேன். உங்கள ஆறு தபா கேட்டேன். நாளைக்குன்னு சொன்னீங்க."

அவர் கையை ஓங்கியது உண்மை. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பழுப்பு அட்டை போன இடம் தெரியவில்லை. யானைப் படம் போட்ட மேலட்டையில் விளக்கெண்ணெய் வட்டம். நடுவில் மஞ்சள் விரல் தடங்கள். மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குப் போய் வந்ததற்கு அடையாளமாய் இரண்டு பக்கத்துக்கு நடுவே குங்குமம். முதுகுப் பக்கம் அவிழ்ந்துபோனதால் யாரோ ஒருத்தி பூக்கட்டும் வாழைநாரால் அதைத் தைத்திருந்தாள். சிராஜுதீனுக்குக் கண் கலங்கியது, கோபத்தில்தான்.

கடைசி வெற்றுத்தாளைத் திருப்பினார். கோணல் கோணலாகப் பெயர்கள். ஜாஹிதா, விஜயா, ரோஷன் பீ... முறை போட்டு இருபத்தாறு பேர். படித்து முடித்த பத்தொன்பது பேருக்கு நேரே ஒரு சுழி. கடைசிப் பெயர் மங்கை.

பத்தொன்பது. அவருடைய ஒரு வருஷம் முழுக்கப் பதினொன்று.

என்னதான் இருக்கிறது இதில் என்று முதல் பக்கத்தைப் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் புத்தகத்துக்கும் அட்டை போட்டவர் ஒன்றையும் படித்தவரில்லை. யானை ஒன்று கோட்டைக்கு ஏறும் பாதி வழியில் நின்றுவிட்டது. அரசர் கெஞ்சுகிறார், பாகன் அடிக்கிறான், அது நகரவில்லை. ஏன்? பக்கத்தைத் திருப்புமுன், கொண்டுவந்த பெண் புத்தகத்தை மெல்ல இழுத்தாள்.

"சார், இன்னைக்கு என் மொற."

வெட்கமாக இருந்தது அவருக்கு. ரொம்ப வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் பென்சில் வாங்கி மங்கைக்குக் கீழே இருபத்தேழாவதாகத் தம் பெயரை எழுதினார். பிறகு தலைமையாசிரியர் அறைக்குப் போய்த் தம் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். ஆயுளில் அவர் கிழித்த முதல் தாள் அதுதான். மத்தியானத்துக்குள் தகரப் பெட்டி காலியாயிற்று.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். சேதப் பதிவேட்டைக் கேட்டார். ஏழு வருஷமாக வெறுமையாக இருந்த அதில் ஒரே ஒரு வரி இருந்தது. எண் இருநூற்றுப் பதினேழு. காரணம் என்ற கட்டத்தில் மற்ற ஊர்களில் கரையான், மழை என்று எழுதுவார்கள். சிராஜுதீன் எழுதியிருந்தது: பிள்ளைகள் படித்தது. அதிகாரி புத்தகத்தைக் கேட்டு, அன்றைய முறைக்காரி கையிலிருந்து வாங்கி, கடைசித் தாளில் விரல் வைத்து எண்ணினார்.

"இருபத்தேழாவது பேரு?"

"நான்தான் சார்."

பீரோ செஞ்சியிலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்காக நம் ஆள் அடங்கிவிட்டாரா என்ன? முன்னைவிடக் கூடத்தான் சுற்றினார். எந்தப் புத்தகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு சைக்கிள் ஓடியது. ஆனால் அந்த யானை மட்டும் அவரைப் பிடுங்கித் தின்றது. மகளைக் கேட்டார், "சொல்ல மாட்டேன், படிங்க" என்றுவிட்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு பெயராக எண்ணிக் காத்திருந்து, தம் முறை வந்த அன்று சட்டையைக்கூட மாற்றாமல் மங்கை வீட்டு வாசலில் போய் நின்றார்.

மங்கை வாசலில் தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னும் முடியல சார். நாளைக்கு வாங்க."